துரை வீட்டு வெந்நீர்க் குழாய்

இந்தக் காலத்தில் சம்பந்தி என்று வருகிறவர்களுக்கு மரியாதையே தெரியவில்லை. முன்பெல்லாம் வந்தால் உட்காருவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள், அப்புறம்தான் குறை சொல்வார்கள். இப்போது செருப்பைக் கழற்றும்போதே குளியலறை எந்தப் பக்கம் என்கிறார்கள். பாவம், அவசரம் போல என்று வழி காட்டினால், உள்ளே போய்க் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

என் மகள் எழில்மொழியின் மாமியார் ஆவுடையம்மாள் அப்படித்தான் செய்தாள். வளைகாப்புக்கு நாள் சொல்ல வந்தவள் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையைப் பார்த்தாள், என் மனைவி சொக்கம்மாளின் வலது காலைப் பார்த்தாள், நாளைச் சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனாள்.

திருவொற்றியூரில் வளைகாப்பு. ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போனோம். வளையல் போட்டு முடித்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு வருவதுதான் முறை. தலைச்சன் பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும். எழில்மொழி துணிப்பையைக் கூடக் கட்டி வைத்திருந்தாள். ஆவுடையம்மாள் அந்தப் பையை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

"சம்பந்தி, கோச்சிக்காதீங்க. பொண்ணு இங்கியே இருக்கட்டும்" என்றாள்.

"தலைச்சன் புள்ளைங்க. தாய்வூட்லதானே…" என்றேன்.

"தாய்வூடு சரி. சுடுதண்ணி? புள்ள பெத்தவளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு அண்டா சுடச்சுட இடுப்புல ஊத்தணும். நாப்பது நாளு. உங்க வூட்ல கொல்லையில காய வெச்சு மாடிக்குத் தூக்கணும். போன தீபாவளிக்கு உங்க வூட்டம்மா தூக்கினாங்களே, இன்னா ஆச்சு?"

சொக்கம்மாள் புடவையை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டாள். படியில் வழுக்கி, தவலையோடு விழுந்து, முட்டிக்குக் கீழே தோலெல்லாம் வெந்துபோயிருந்தது.

"நீங்க தூக்குவீங்களா?" என்று என்னைக் கேட்டாள் ஆவுடையம்மாள்.

ஹார்பரில் முப்பத்தோரு வருஷம் மூட்டை தூக்கினவன் நான். இப்போது அறுபத்தைந்து வயது. இடது தோள் காதுக்கு மேலே போகாது.

"ரெண்டு ஞாயித்துக்கெயம டைம் தர்றேன். சுடுதண்ணிக்கு ஒரு வழி பண்ணிட்டு சொல்லுங்க, வந்து பாக்கறேன். இல்லாங்காட்டி பிரசவம் இங்கதான்."

வாசல் வரை வந்த எழில்மொழி, "நைனா, எனுக்கு நம்ம வூட்டுக்கு வரணும் போல கீது" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் காலித் தூக்குச்சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். இரண்டு பேருக்குச் சீட்டு வாங்கினேன். மூன்று பேருக்கு வாங்குவேன் என்று நினைத்துத்தான் காலையில் கிளம்பினேன்.

வழி என்று யோசித்தால் ஒன்றும் நிற்கவில்லை. காஸ் அடுப்பில் அண்டா வைத்தால் சிலிண்டர் பத்து நாள் தாங்காது. பதிவு செய்தால் அடுத்தது வர ஒரு மாதம். கீசர் போடலாம் என்றால், அந்த வீட்டு ஒயர் துரை காலத்து ஒயர். போட்ட அன்றைக்கே மெயின் எரியும் என்று மின்சாரக்காரன் கையை விரித்துவிட்டான்.

துரை வீடு என்றுதான் அந்த வீட்டுக்குப் பேர். ஹார்பரில் வேலை பார்த்த யாரோ வெள்ளைக்காரன் கட்டியது. இப்போது ஐந்து குடித்தனம். நாங்கள் மாடியில். மாடிப்படிச் சுவரை ஒட்டி, கட்டைவிரல் தடிமனில் இரண்டு இரும்புக் குழாய்கள் கீழிருந்து மேலே போகும். எதற்கென்று யாருக்கும் தெரியாது. பழைய காஸ் லைன் என்பார்கள். ரேடியோக் கம்பி போன குழாய் என்பார்கள். நாங்கள் துண்டு காயப்போட்டோம்.

சொக்கம்மாள் அடிபம்பு அருகே கீழ்வீட்டு ரசூல் பீவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அன்று மத்தியானமே ரசூல் பீவியின் தம்பி தாவூது, கையில் ஸ்பேனரோடு எங்கள் படியில் நின்றான். இருபத்திரண்டு வருஷம் கப்பலில் எஞ்சின் ரூமில் கிரீஸ் போட்டவன். விதவை அக்காவுக்குத் துணையாக வந்து தங்கியிருந்தான். கப்பல்காரன் பேச்சை நான் நம்புவதில்லை. அவன் பத்து வார்த்தை பேசினால் எட்டு வார்த்தை உப்புத் தண்ணீர்.

குழாயை ஸ்பேனரால் தட்டினான். காதை வைத்துக் கேட்டான்.

"மாமு, இது சுடுதண்ணி லைனு."

"யார் சொன்னது, துரை கனவுல வந்து சொன்னானா?"

"கொல்லையில வெறகு போட்டு வெச்சிருக்கியே ஒரு ரூமு, அங்க சுவத்துல செங்கல் வெச்சுக் கட்டி ஒண்ணு கீதே, அத்த இன்னான்னு நெனச்சே?"

"துரை வூட்டு பேக்கரி."

சிரித்தான். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். விறகையும் காக்காய்க் கூட்டையும் தள்ளினால் உள்ளே ஒரு செம்புப் பாய்லர், பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. அதன் தலையிலிருந்து ஒரு குழாய், அடியிலிருந்து ஒரு குழாய். மேலே எங்கள் குளியலறைப் பரணில், நாங்கள் பழைய பாயைப் போட்டு மூடி வைத்திருந்த உருளையும் அதே செம்புதான். நான் அதை எண்ணெய்ப் பீப்பாய் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"கீழ நெருப்பு. தண்ணி சூடாவும். சூடானா லேசாயிடும். லேசானது இந்தக் குழாயில மேல ஏறி பரண்ல கீற பீப்பாவுக்குப் போவும். அங்க கீற ஆறின தண்ணி கனம். அது இன்னொரு குழாயில கீழ எறங்கி பாய்லருக்கு வரும். அது எறங்க எறங்க இது ஏறும். ராட்டினம் மாறி."

"மோட்டாரு?"

"வாணாம்."

"அப்ப எவன் தள்றான்?"

"எவனும் தள்ளல மாமு. சூடுதான்."

"பாய், முப்பத்தோரு வருஷம் ஹார்பர்ல இருந்தேன். எதுவும் தானா மேல ஏறி நான் பாத்ததில்ல. ஒண்ணு கிரேனு தூக்கணும், இல்ல என் முதுகு தூக்கணும்."

"உன் முதுகுக்குத் தெரியாதது உலகத்துல கொஞ்சம் கீது" என்றான்.

எனக்கு வேறு வழி இருந்திருந்தால் அந்த வார்த்தைக்கே அவனை அனுப்பியிருப்பேன்.

தாவூது உடனே அடுப்பைப் பற்ற வைப்பான் என்று பார்த்தால், அக்காவின் தையல் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தான். ஏறுகிற குழாய்க்குச் சிவப்பு. இறங்குகிற குழாய்க்கு வெள்ளை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சுடாத தண்ணீர் கொண்டுவருகிற குழாய்க்கு நீலம். ஒவ்வொரு குடித்தனத்துக்குள்ளும் போய், சாமி படத்தைத் தள்ளி, கட்டிலை நகர்த்தி, சுவரைத் தட்டிக் கோடு போட்டான். ஒரு வாரம் ஓடிப்போனது. முதல் ஞாயிறும் போனது.

"ஏழு நாளா சுவத்தத் தடவிக்கினு கீறியே பாய், வைத்தியமா பாக்கறே? பத்த வைய்யேன்" என்றேன்.

"எல்லாக் குழாயும் எங்க பொறப்பட்டு எங்க போவுதுன்னு தெரியாம நான் நெருப்பு வைக்க மாட்டேன். கப்பல்ல அப்டி வெச்சவன் ஒருத்தன பாத்திருக்கேன். அவன பொறுக்கித்தான் எடுத்தோம்."

"புளுகாத."

"புளுகுன்னே வெச்சிக்க. ஆனா பத்த வைக்க மாட்டேன்."

எட்டாம் நாள் வெள்ளைக் கோடு ரசூல் பீவியின் சமையலறைக்குள் போய் நின்றது. அங்கே குழாய் இல்லை. மேலிருந்து வந்த குழாய் ஒரு அலமாரிக்கு மேலே அறுபட்டிருந்தது, அலமாரிக்குக் கீழே மறுபடி தொடங்கியது. செத்துப்போன அவள் புருஷன் இரண்டடிக் குழாயை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தேக்கு அலமாரி அடித்திருக்கிறார்.

"அக்கா, அலமாரிய எடுக்கணும்."

"எடுப்பேடா, எடுப்பே. அந்த மனுஷன் கையால அடிச்சது இந்த வூட்ல இது ஒண்ணுதான் கீது. கை வெச்சே, உன் சட்டி பானையோட வெளிய போ."

"தண்ணி எறங்க வழி இல்லாங்காட்டி மேல ஏறாதுக்கா."

"உன் தண்ணி ஏறினா இன்னா, ஏறாட்டி இன்னா? கப்பல்லருந்து வந்தவன் என் வூட்டயே கப்பலாக்கப் பாக்கறான்!"

அக்காவும் தம்பியும் கத்தின கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நடக்காது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒருத்தி தன் புருஷன் ஞாபகத்தை எதற்கு அடுத்த வீட்டுப் பெண்ணுக்காகப் பெயர்த்துக் கொடுக்கப் போகிறாள்? நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்க இறங்கினேன். ரசூல் பீவி மிளகாய்த்தூள் டப்பா, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரி காலியாக இருந்தது.

"இன்னாம்மா இது?"

"இன்னா பண்றது அண்ணாத்த. எழிலு என் கையில சோறு வாங்கித் துன்ன பொண்ணு. வயித்துப் புள்ளக்காரி வூட்டுக்கு வரணும்னு கேக்கறா. அந்த மனுஷன் இருந்தா அவரே பேத்து எடுத்திருப்பாரு." ஒரு ஜாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உன் தோஸ்துகிட்ட சொல்லு, பலகைய ஒடைக்காம ஒயுங்கா எடுக்கச் சொல்லு. வேற சுவத்துல அடிச்சுக்கறேன்."

அந்தக் காலைக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் தாவூது தேடிக்கொண்டிருந்த இன்னொரு விஷயம் எனக்குத் தெரியும்.

பரணில் இருந்த பீப்பாயின் உச்சியிலிருந்து நான்காவதாக ஒரு குழாய் கூரைக்குள் போகிறது. மொட்டைமாடியில் அது வெளியே வர வேண்டும். வரவில்லை. தாவூது நாலு நாளாக மாடியில் குனிந்து குனிந்து தளத்தைத் தட்டினான். எல்லாக் குடித்தனத்தையும் கேட்டான். என்னையும் கேட்டான்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

தெரியும். எழில்மொழி மூன்று மாதக் கைக்குழந்தையாக இருந்த வருஷம். அந்தக் குழாய் மாடியில் கைத்தடிப் பிடி போல வளைந்து நிற்கும். கடல்காற்று அதன் வாயில் அடித்தால் ஊஊ என்று ஊளையிடும். துரை சீட்டி அடிக்கிறான் என்பார்கள். குழந்தை தூக்கிவாரிப் போட்டு அழும். ஒரு நாள் கோபத்தில் ஹார்பரிலிருந்து ரம்பம் கொண்டுவந்து, தளத்தோடு தளமாக அறுத்து, வாயில் மர ஆப்பு அடித்து, மேலே சிமெண்டு பூசிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்காரனுக்கும் சொல்லவில்லை. குழந்தை தூங்கியது, நானும் மறந்துபோனேன். தாவூது கேட்கும்வரை நினைவே இல்லை. கேட்ட பிறகு சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரமாக அவனைச் சுவரைத் தடவுகிறவன் என்று கிண்டல் செய்துவிட்டு, தடவ வைத்தவனே நான்தான் என்று எப்படிச் சொல்வது?

ஊறுகாய் ஜாடி வரிசை கண்ணிலேயே நின்றது. உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். தாவூது தண்ணீர்த் தொட்டி நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாய், இந்த இடத்த ஒட."

"இங்கியா? இன்னா கீது இங்க?"

"ஒடைன்னா ஒட."

உடைத்தான். கருத்துப்போன ஆப்பின் தலை தெரிந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"யாரு வேல மாமு இது?"

"என் வேல."

திட்டுவான் என்று நின்றேன். அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மாமு, இதான் பாய்லருக்கு மூக்கு. ஆவி அதிகமானா இது வழியாத்தான் வெளிய போவும். நீ தெனம் பத்த வை, பத்த வைன்னியே, உன் பேச்சக் கேட்டு பத்த வெச்சிருந்தா அந்தப் பீப்பா உன் பொண்டாட்டி தலைக்கு மேல வெடிச்சிருக்கும்."

அவன் என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தேன்.

"மொதல்லியே சொல்லியிருந்தா நாலு நாளு மிச்சம்" என்றான்.

"சொல்லல. இப்ப இன்னான்றே?"

"ஒண்ணுமில்ல. ஆப்ப புடுங்கு."

புது மூக்குக்குழாயை வைத்தபோது வாயைக் கடலுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தான். ஊளை போயே போய்விட்டது. அரை வட்டம் திருப்பியிருந்தால் போதும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. ரசூல் பீவி வீட்டில் இரண்டடிக் குழாய் சேர்ந்தது. மூட்டில் சணல் சுற்றி, ஒழுகாமல் அடைக்கிற மாவு பூசி, இரண்டு நாள் காய விட்டான். என்னைத் தொட்டியைக் கழுவச் சொன்னான், கழுவினேன். பாய்லரில் சாம்பல் அள்ளச் சொன்னான், அள்ளினேன். குளியலறையில் புதுப் பித்தளைக் குழாய் முளைத்தது. அதற்குள் இரண்டாவது ஞாயிறு வந்துவிட்டது. காலை எட்டு மணிக்குத்தான் முதல் நெருப்பு. அன்று பத்து மணிக்கு வரச் சொல்லி ஆவுடையம்மாளுக்கு முந்தின நாளே பூத்திலிருந்து போன் போட்டுத் தொலைத்திருந்தாள் சொக்கம்மாள்.

ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றியதும் நேராகக் குளியலறை. குழாயைத் திறந்தாள். முதலில் காற்று துப்பியது. பிறகு செங்காவித் தண்ணீர் கொட்டியது. பிறகு தெளிந்தது. விரலை நீட்டினாள்.

"இன்னா சம்பந்தி, காசிமேட்டு ஐஸ் அவுஸ்லருந்து லைன் இஸ்துகினீங்களா?"

சொக்கம்மாள் முகம் செத்துப்போனது. நான் தாவூதைப் பார்த்தேன். கொன்றுவிடலாம் போல இருந்தது.

"அரை அவுரு குந்துங்கம்மா. பீப்பா பெருசு. தண்ணி சுத்தி வரணும்" என்றான் அவன்.

"சுத்தி வருதா, தீர்த்த யாத்திரையா?"

உட்கார்ந்தாள். காபியைத் தொடவில்லை. கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கீழே போய் நெருப்பைப் பார்த்தேன், மேலே வந்து குழாயைப் பார்த்தேன், மறுபடி கீழே போனேன். ஐந்தாவது தடவை ஏறும்போது படிச் சுவரில் சிவப்புக் கோடு போட்ட குழாய்மேல் கை பட்டது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். சுட்டது. வெள்ளைக் கோட்டுக் குழாயைத் தொட்டேன். வெதுவெதுப்பு.

"அம்மா, இப்ப தொறங்க" என்றான் தாவூது.

ஆவுடையம்மாள் திறந்தாள். கையை நீட்டினாள். குழாயை மூடினாள், மாடியிலிருந்து இறங்கிக் கொல்லைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். பாய்லரைச் சுற்றி வந்தாள். யாராவது அண்டாவில் காய்ச்சி மேலே ஊற்றி வைத்திருக்கிறோமா என்று விறகுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள். எனக்கு அவள்மேல் அன்றைக்குத்தான் முதல்முதலாக மதிப்பு வந்தது. நானாக இருந்தாலும் அங்கேதான் பார்த்திருப்பேன்.

மறுபடி மாடி ஏறிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று.

"உள்ள இன்னாய்யா பண்றாங்க?" என்று சொக்கம்மாள் என் காதில் கேட்டாள்.

"எனக்கு இன்னா தெரியும், போய்க் கேளு."

கதவு திறந்தது. ஆவுடையம்மாள் ஈரத்தலையோடு, மாற்றுப் புடவை இல்லாததால் அதே புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஒரு வருஷமா முட்டி மடங்கல சம்பந்தி. நல்லா ஊத்திக்கினேன்" என்றாள். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, இட்லி வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டும் என்று தலையாட்டினாள். மூன்றாவது இட்லியைப் பிட்டபோது சொன்னாள்: "சாயங்காலம் பொண்ண இட்டாறேன். அவ பைய அலமாரிலருந்து எடுத்து வெளிய வெச்சுட்டுத்தான் வந்தேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். கொயந்த பொறந்து நான் பாக்க வர்ற அன்னிக்கெல்லாம் எனுக்கும் ரெண்டு பக்கெட்டு."

சொக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்னி போட்டாள். கீழேயிருந்து ரசூல் பீவி, "இன்னாச்சு? வர்றாளா இல்லியா?" என்று கத்தினாள். வர்றா, வர்றா என்று மேலிருந்து இரண்டு பேர் கத்தினார்கள்.

நான் சட்டையை மாட்டினேன். சாயங்காலம் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? இந்தக் காலத்து மனுஷர்கள் மத்தியானச் சோற்றுக்குள் மனசு மாறுவார்கள்.

படியில் தாவூது உட்கார்ந்து சாக்கட்டிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தான். சிரிப்பு காதுவரை இருந்தது.

"இன்னா மாமு, இப்ப நம்பறியா?"

"எத்த?"

"தண்ணி தானா மேல ஏறுதுன்னு."

"சுடுதண்ணி வந்துச்சு. அத்த பாத்தேன். தானா ஏறிச்சுன்னு எவன் கண்டான்? குழாய்க்குள்ள நீ போய்ப் பாத்தியா?"

"கையில சுட்டுதில்ல?"

"சுட்டுது. மொட்டைமாடில தொட்டி கீது. அங்கருந்து அழுத்தம் வருது. அதான் தள்ளுது."

"தொட்டி தண்ணி பீப்பாவ ரொப்பறதுக்கு மாமு. சுத்தறதுக்கு இல்ல. குந்து, ஒரு ஏனம் தண்ணி வெச்சு அடுப்புல காட்டறேன், கொஞ்சம் மஞ்சத்தூள் போட்டா கண்ணுக்கே தெரியும்…"

"உன் கப்பல் கதைய கப்பல்காரன்கிட்ட சொல்லு பாய்" என்று அவனைத் தாண்டி இறங்கினேன்.

மஞ்சள்தூளைப் பற்றி அவன் பின்னால் இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். நான் தெருவுக்கு வந்து திருவொற்றியூர் பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.